எண்ணிப் பார்த்த கல்லூரி: அட்லாண்டாவில் ஒரு சமூகவியல் வகுப்பு

இன்னைக்கு எபிசோடை ஒரு சார்ட்ல இருந்து ஆரம்பிக்கிறேன். ஆடியோல சார்ட்டான்னு கேக்காதீங்க. மனசுக்குள்ள வரைஞ்சுக்கோங்க.

ஒரு பெரிய தாள். மேல ஒரு நேர்க்கோடு. அந்தக் கோடு 78,139 பேரைக் குறிக்குது. 1890-ல, அமெரிக்காவோட ஜார்ஜியா மாநிலத்துல, 10,000 பேருக்கு மேல வாழ்ற நகரங்கள்ல இருந்த கறுப்பின மக்கள். கோடு அப்படியே மடங்கி இன்னும் ரெண்டு துண்டா போகுது. அதைவிடச் சின்ன ஊர்கள்ல 8,025 பேர், இன்னும் சின்ன ஊர்கள்ல 37,699 பேர். மிச்சம் இருக்கறது கிராமம். அங்க 7,34,952 பேர். இதையும் அதே அளவுல நேர்க்கோடா இழுத்தா தாளை விட்டு வெளிய போயிடும். அதனால வரைஞ்சவங்க அந்தக் கோட்டை சிவப்பு நிறத்துல, ஜிலேபி சுத்தற மாதிரி ஒரு பெரிய சுருளா சுத்திட்டாங்க. பார்த்த உடனே புரியும்: ஜார்ஜியாவுல கறுப்பின மக்களோட வாழ்க்கைன்னா அது கிராமம்தான், வயல்தான்.

நான் வேலைல தினமும் டேஷ்போர்டு பாக்கற ஆள். இந்த மாதிரி ஒரு சார்ட்டை இன்னைக்கு யாராவது போட்டா டீம் மொத்தமும் ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும். ஆனா இது 1900-ல, மையும் வாட்டர் கலரும் வச்சு கையால வரைஞ்சது. வரைஞ்சவங்க அட்லாண்டாவுல ஒரு சின்ன கல்லூரியோட மாணவர்களும் பழைய மாணவர்களும். அவங்க அப்பா அம்மா காலத்துல, அந்த மாநிலத்துல கறுப்பின மக்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் குடுக்கறதே சட்டப்படி குற்றம்.

நம்ம ஊர்ல இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு சமூகவியல்னு சொன்னா என்ன ஞாபகம் வரும்? யு.பி.எஸ்.சி. ஆப்ஷனல். சிலபஸ் சின்னது, மார்க் வரும், ஆறு மாசத்துல முடிச்சிடலாம். ஆனா இந்தப் பாடத்தை உயிரைப் பணயம் வச்சு படிச்ச ஒரு இடம் இருந்தது. அந்தக் கதைதான் இன்னைக்கு.

முதல்ல அந்தக் கல்லூரி. பேரு அட்லாண்டா பல்கலைக்கழகம். 1865-ல, உள்நாட்டுப் போர் முடிஞ்ச கையோட, விடுதலையான மக்களுக்குன்னு மிஷனரிகள் ஆரம்பிச்சது. பேர்ல பல்கலைக்கழகம்னு இருந்தாலும் பெரும்பாலான மாணவர்கள் பள்ளிப் படிப்புலயும் ஆசிரியர் பயிற்சியிலும்தான் இருந்தாங்க. கல்லூரி வகுப்புல இருந்தவங்க ரொம்பக் கொஞ்சம். மாநில அரசு வருஷத்துக்கு 8,000 டாலர் மானியம் குடுத்துட்டு இருந்தது. 1887-ல அதுவும் நின்னு போச்சு. காரணம், அங்க வேலை பார்த்த வெள்ளை ஆசிரியர்கள் தங்களோட பிள்ளைகளையும் அதே வகுப்புல, கறுப்பின பிள்ளைகளோட உக்கார வச்சாங்க. நிறுத்துங்கன்னு அரசு சொன்னது. நிறுத்த மாட்டோம்னு கல்லூரி சொன்னது. பணம் போச்சு. இந்த விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. கையில காசு கம்மியா இருந்தாலும் முதுகெலும்பு இருந்த இடம் அது.

அங்க 1897-ல ஒருத்தர் வேலைக்கு வர்றார். டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். பேரைப் பார்த்தா ஃப்ரெஞ்சு மாதிரி உச்சரிக்கத் தோணும், ஆனா 'டு பாய்ஸ்'னுதான் சொல்லணும்னு அவரே சொல்லியிருக்கார். வயசு 29. கிட்டத்தட்ட என் வயசு. ஆனா அவரோட ரெஸ்யூமே வேற லெவல். நாஷ்வில்ல ஃபிஸ்க் கல்லூரி, அப்புறம் ஹார்வர்டு, நடுவுல பெர்லின்ல ரெண்டு வருஷம். 1895-ல ஹார்வர்டுல முனைவர் பட்டம். அங்க அந்தப் பட்டம் வாங்கின முதல் கறுப்பின மனுஷன் அவர்தான்.

இவ்வளவு இருந்தும் வேலை எங்க கிடைச்சது? முதல்ல ஒஹாயோல வில்பர்ஃபோர்ஸ்னு ஒரு சின்ன கல்லூரி. அங்க அவர் நடத்தினது லத்தீன், கிரேக்கம் மாதிரியான பாடங்கள். சமூகவியல் நடத்தறேன்னு கேட்டுப் பார்த்தார், விடல. அடுத்து பென்சில்வேனியா பல்கலைக்கழகம் ஃபிலடெல்ஃபியால ஒரு ஆய்வுக்காகக் கூப்பிட்டது. வேலை குடுத்தாங்க, வகுப்பு குடுக்கல. கறுப்பின மக்கள் நிறைய பேர் வாழ்ந்த ஏழாவது வார்டுலயே மனைவியோட குடியேறி, சுமார் 2,500 வீட்டுக்கு வீடு வீடா போய் கேள்வி கேட்டார். அது 1899-ல புத்தகமா வந்தது. நகரத்துல ஒரு சமூகத்தைப் பத்தி இப்படி கள ஆய்வு செஞ்சு எழுதினது அமெரிக்காவுல அதுவரைக்கும் அரிது. வேலை முடிஞ்சது, அங்க அவருக்கு நிரந்தர இடம் இல்ல. அந்த நேரத்துல அட்லாண்டா கல்லூரியோட தலைவர் ஹொரேஸ் பம்ஸ்டெட் கூப்பிட்டார். சம்பளம் வருஷத்துக்கு 1,200 டாலர்.

இப்போ அந்தக் காலத்துல அமெரிக்காவுல 'டேட்டா'ன்னு எதைச் சொன்னாங்கன்னு பார்ப்போம். 1896-ல ஃப்ரெடரிக் ஹாஃப்மன்னு ஒருத்தர் புத்தகம் எழுதறார். அவர் ப்ரூடென்ஷியல் இன்சூரன்ஸ் கம்பெனியோட புள்ளிவிவர நிபுணர். பக்கம் பக்கமா அட்டவணை. கறுப்பின மக்கள் அதிகமா சாகறாங்க, காரணம் அவங்க இனத்தோட இயல்பு, காலப்போக்குல அழிஞ்சே போயிடுவாங்க, இதுதான் சாராம்சம். அந்த கம்பெனி 1881-லயே ஒரு விதி போட்டிருந்தது. கறுப்பின மக்கள் அதே பிரீமியம் கட்டணும், ஆனா செத்தா குடும்பத்துக்கு கிடைக்கறது மூணுல ரெண்டு பங்கு. இப்போ அந்த விதிக்கு முட்டு குடுக்க ஒரு தடிமனான புத்தகம். இன்னைக்கு லோன் அப்ளிகேஷனை ரிஜெக்ட் பண்ற அல்காரிதம் பத்தி பேசறோம் இல்லையா, அதோட தாத்தா இதுதான்.

டு பாய்ஸ் அதுக்கு எழுதின விமர்சனம் ரொம்ப நிதானமா இருக்கும். மான்ட்ரியல், நேப்பிள்ஸ், மாட்ரிட் மாதிரி ஊர்கள்ல இருக்கற வெள்ளைக்காரங்களோட சாவு விகிதத்தை எடுத்து பக்கத்துல வைக்கறார். அங்கயும் அதிகமாத்தான் இருக்கு. அப்போ அவங்க இனமும் அழியப் போகுதா? இல்ல சாக்கடையும் நெருக்கடியும் பசியும் காரணமா? கோபமே படாம இப்படிக் கேட்டுட்டு நகர்ந்துடறார்.

சரி, ஹாஃப்மன்கிட்ட நம்பர் இருக்கு, கம்பெனி இருக்கு, பணம் இருக்கு. அட்லாண்டாகிட்ட என்ன இருக்கு? மாணவர்கள் இருக்காங்க. இங்கதான் அந்த கல்லூரி செஞ்ச விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

ஜார்ஜியாவோட கிராமங்கள்ல இருந்தும் சின்ன ஊர்கள்ல இருந்தும் வந்த பிள்ளைகள் அங்க படிச்சாங்க. படிச்சு முடிச்சவங்க தெற்கு மாநிலங்கள் முழுக்க பள்ளிக்கூட ஆசிரியர்களா, போதகர்களா பரவியிருந்தாங்க. கல்லூரி ஒரு கேள்வித்தாளைத் தயார் பண்ணும். பழைய மாணவர்கள் தங்கள் ஊர்ல வீடு வீடா போய் நிரப்பி அனுப்புவாங்க. சம்பளம் கிடையாது. கதவைத் தட்டினா திறப்பாங்க, ஏன்னா தட்டறது அவங்க பிள்ளைக்கு எழுத்து சொல்லிக் குடுக்கற வாத்தியார். வெளியில இருந்து வர்ற ஆராய்ச்சியாளருக்கு எவ்வளவு பணம் இருந்தாலும் இந்த நம்பிக்கையை வாங்க முடியாது. ரயில்ல போற போக்குல ஜன்னல் வழியா வயலைப் பார்த்துட்டு ஒரு சமூகத்தையே எடை போடறவங்களை டு பாய்ஸ் பின்னாடி நல்லாவே கிண்டல் பண்ணியிருக்கார்.

இந்த ஆய்வுகள் வருஷா வருஷம் ஒரு மாநாட்டுல படிக்கப்படும், அப்புறம் அறிக்கையா அச்சாகும். மாநாட்டை 1896-லயே, அவர் வர்றதுக்கு முன்னாடியே, கல்லூரி ஆரம்பிச்சிடுச்சு. முதல் தலைப்பு, நகரங்கள்ல கறுப்பின மக்களோட இறப்பு. அவர் வந்ததும் அதுக்கு ஒரு திட்டம் போட்டார். 1899-ல வியாபாரம், 1900-ல கல்லூரி படிச்சவங்க, 1901-ல பள்ளிக்கூடம், 1902-ல கைத்தொழில் செய்யறவங்க, 1903-ல தேவாலயம், 1906-ல உடல்நலம், 1908-ல குடும்பம். பத்து வருஷத்துக்கு பத்து தலைப்பு. முடிஞ்சதும் மறுபடி முதல்ல இருந்து. இப்படி 100 வருஷம் ஓட்டணும்னு பிளான். நாம அடுத்த குவார்ட்டருக்கு பிளான் போடவே திணர்றோம். ஆராய்ச்சிக்குன்னு வருஷத்துக்கு 5,000 டாலர் திரட்டறதே பெரும்பாடா இருந்த ஒரு இடம் 1997 வரைக்கும் யோசிச்சிருக்கு.

இதுக்குப் பின்னாடி டு பாய்ஸுக்கு ஒரு உறுதியான நம்பிக்கை இருந்தது. வெள்ளைக்காரங்க இப்படி நடந்துக்கறதுக்குக் காரணம் அறியாமை. உண்மையை முறையா சேகரிச்சு, அமைதியா முன்னாடி வச்சா மாறுவாங்க. டேட்டா வேலை பாக்கற நம்மள்ல பல பேருக்கு இந்த நம்பிக்கை பழக்கமானதுதான். நம்பரைக் காட்டினா போதும், நியாயம் தானா நடக்கும்.

1899 ஏப்ரல்ல அந்த நம்பிக்கை உடைஞ்சது. சாம் ஹோஸ்னு ஒரு விவசாயக் கூலி. கூலி விஷயத்துல வந்த தகராறுல முதலாளியைக் கொன்னுட்டார்னு தேடிட்டு இருந்தாங்க. அவர் மேல இன்னும் பயங்கரமான குற்றங்களைச் சுமத்தி பத்திரிகைகள் வெறியேத்தின. டு பாய்ஸ் உண்மை விவரங்களை வச்சு நிதானமா ஒரு கடிதம் எழுதி எடுத்துட்டு, அட்லாண்டாவோட பெரிய பத்திரிகை அலுவலகத்துக்கு நடந்து போறார். வழியில சேதி வருது. கும்பல் ஏற்கனவே ஹோஸைப் பிடிச்சு, ஆயிரக்கணக்கான பேர் வேடிக்கை பாக்க, உயிரோட எரிச்சுக் கொன்னுடுச்சு. அவரோட விரல் முட்டி எலும்புகள், டு பாய்ஸ் போயிட்டிருந்த அதே தெருவுல, ஒரு மளிகைக் கடையில பார்வைக்கு இருக்கு. டு பாய்ஸ் அப்படியே திரும்பி நடந்தார். அந்தக் கடிதம் போய்ச் சேரவே இல்ல.

அடுத்த மாசம் அவரோட மகன், ரெண்டு வயசு கூட ஆகல, தொண்டை அடைப்பான் நோய்ல இறந்துட்டான். கறுப்பின குழந்தைகள் ஏன் சாகறாங்கன்னு அட்டவணை போட்டுட்டு இருந்த வீட்டுல.

பின்னாடி அவர் இதைப் பத்தி எழுதினப்போ, தன் மக்கள் கொல்லப்படற ஊர்ல உணர்ச்சியே இல்லாத விஞ்ஞானியா உக்காந்திருக்க முடியாதுங்கற அர்த்தத்துல எழுதினார். இன்னொண்ணும் சொன்னார். தான் செய்யற மாதிரியான ஆராய்ச்சிக்கு உலகம் காத்துக்கிட்டு இருக்கும்னு நினைச்சேன், அப்படி யாருமே கேக்கலன்னு.

ஆனா அவர் எண்ணறதை நிறுத்தல. நான் ஆரம்பத்துல சொன்ன சார்ட் அதுக்கப்புறம் வந்ததுதான். 1900-ல பாரிஸ்ல உலகக் கண்காட்சி. அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பத்தி ஒரு பகுதி வைக்க வாய்ப்பு வந்தது. சில மாசம்தான் டைம். டு பாய்ஸும் மாணவர்களும் சேர்ந்து சுமார் 60 சார்ட் வரைஞ்சாங்க. கூட 363 போட்டோ அடங்கிய ஆல்பங்கள்.

அதுல ஒரு சார்ட், கறுப்பின மக்கள்ல எத்தனை சதவீதம் பேர் சுதந்திரமா இருந்தாங்கன்னு காட்டும். 1790-ல 8 சதவீதம். எழுபது வருஷம் கழிச்சு 1860-லயும் வெறும் 11 சதவீதம். பக்கம் முழுக்க கருப்பு. 1870-ல பச்சை அப்படியே பாயுது, 100 சதவீதம். இன்னொரு சார்ட்டுக்கு தலைப்பே விசித்திரமா இருக்கும்: வீட்டு சாமான், சமையலறை சாமானோட மதிப்பு. 1875-ல ஜார்ஜியாவோட மொத்த கறுப்பின மக்களுக்கும் சேர்த்து 21,186 டாலர். 1899-ல 14,34,975 டாலர். ஒரு நாற்காலி, ஒரு மேசை, நாலு பாத்திரம்னு ஒரு சமூகம் வீடு கட்டி உக்காந்ததை வரி ஆவணத்துல இருந்து தோண்டி எடுத்திருக்காங்க. இன்னொண்ணு எழுத்தறிவின்மை. அமெரிக்கக் கறுப்பின மக்களை ஐரோப்பிய நாடுகளோட ஒரே வரிசையில வச்சிருப்பாங்க. ருமேனியா, செர்பியா, ரஷ்யாவோட நிலைமை இவங்களை விட மோசம். இதை பாரிஸ்ல, ஐரோப்பியர்கள் நடந்து போற வழியில மாட்டினாங்க. செம துணிச்சல்.

கண்காட்சிக்கு டு பாய்ஸ் போனது கப்பலோட மலிவான அடித்தள டிக்கெட்டுல. திரும்பி வந்தது தங்கப் பதக்கத்தோட. ஆனா ஜார்ஜியாவுல எதுவும் மாறல.

1906 அதைவிடக் கொடுமை. அந்த வருஷம் உடல்நலம் பத்தின மாநாட்டுக்கு மானுடவியலாளர் ஃப்ரான்ஸ் போவாஸ் வந்திருந்தார். கூடுதல் சாவுக்குக் காரணம் இனம் இல்ல, வாழ்க்கை நிலைமைன்னு அறிக்கை சொன்னது. கொஞ்ச நாள்ல அரசாங்கத்துக்காக டு பாய்ஸ் அலபாமால லவுண்டஸ் கவுண்டிக்குப் போறார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள், நிலம், கடன், ஓட்டு, எல்லாம் கேட்டு எழுதற பெரிய ஆய்வு. அவர் அங்க இருக்கும்போதே, செப்டம்பர் 22-ம் தேதி, அட்லாண்டாவுல கலவரம். வெள்ளைக் கும்பல் கறுப்பின மக்களைத் தேடித் தேடிக் கொன்னது. ரயில் பிடிச்சு ஓடி வந்தார். ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி வாங்கி, கல்லூரிக் கட்டடப் படிக்கட்டுல குடும்பத்துக்குக் காவலா உக்காந்தார். கையில துப்பாக்கியோட ஒரு புரொஃபசர். கும்பல் அந்தப் பக்கம் வரல.

அந்த லவுண்டஸ் அறிக்கை என்ன ஆச்சு? எழுதி முடிச்சு வாஷிங்டனுக்கு அனுப்பினார். அரசியல் விஷயங்களைத் தொடுது, வெளியிட முடியாதுன்னு பதில். சரி திருப்பிக் குடுங்கன்னு கேட்டப்போ, அழிச்சிட்டோம்னு சொன்னாங்க. கையெழுத்துப் பிரதி, பேக்கப் கிடையாது. அத்தனை குடும்பங்களோட பதிலும் போச்சு.

1910-ல அவர் கல்லூரியை விட்டுட்டு நியூயார்க் போனார். வெளிப்படையா பேசற ஆள் இருக்கறதால கல்லூரிக்கு நன்கொடை வர்றது கஷ்டமாச்சுங்கறதும் ஒரு காரணம். புதுசா ஆரம்பிச்ச என்.ஏ.ஏ.சி.பி. அமைப்போட 'தி க்ரைசிஸ்' பத்திரிகைக்கு ஆசிரியரானார். நூறு வருஷத் திட்டம் 1914-ஓட நின்னுடுச்சு.

அப்போ இந்தக் கதையோட முடிவு, டேட்டா வேஸ்ட்டுன்னா? எனக்கு அப்படித் தோணல. ஹாஃப்மன்கிட்டயும் டேட்டா இருந்தது. லவுண்டஸ் அறிக்கை ஒண்ணுமில்லாத விஷயமா இருந்திருந்தா அழிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு நம்பர் யாரையும் தானா திருத்தாது. அதைக் கையில வச்சுக்கிட்டு சண்டை போட ஆள் வேணும். அட்லாண்டா அந்த ஆளுங்களை உருவாக்கினது. தன் தெருவைத் தானே எண்ணிப் பார்த்த ஒரு மாணவன்கிட்ட, உன் இனம் அழியப் போகுதுன்னு யார் புத்தகம் எழுதினாலும், எந்த வார்டு, எந்த வருஷம், எப்படி எண்ணினீங்கன்னு திருப்பிக் கேப்பான். எனக்குத் தெரிஞ்சு ஒரு படிப்பு குடுக்கக்கூடிய பெரிய விஷயம் அதுதான்.

டு பாய்ஸ் 1934-ல மறுபடி அதே கல்லூரிக்கு சமூகவியல் துறைத் தலைவரா வந்து பத்து வருஷம் இருந்தார். 1944-ல அவர் விருப்பத்துக்கு எதிரா ஓய்வு குடுத்து அனுப்பினாங்க. அதே வருஷம், அதே ஊர்ல, பக்கத்துல இருக்கற மோர்ஹவுஸ்னு இன்னொரு சின்ன கல்லூரியில ஒரு 15 வயசுப் பையன் சேர்ந்தான். 1948-ல சமூகவியல்ல பி.ஏ. முடிச்சான். பேரு மார்ட்டின் லூதர் கிங். நடுவுல 1946-ல இந்தியாவுல இருந்து டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதினவர் டாக்டர் அம்பேத்கர். உங்க மக்களோட நிலைமையும் எங்க மக்களோட நிலைமையும் ரொம்ப ஒத்துப்போகுது, ஐ.நா.வுக்கு நீங்க அனுப்பற மனுவோட பிரதி கிடைக்குமான்னு கேட்டிருந்தார். அனுப்பறேன்னு டு பாய்ஸ் பதில் போட்டார்.

ஆனா பாடப்புத்தகத்துல? அமெரிக்க சமூகவியல்னா சிகாகோ பல்கலைக்கழகம்னுதான் பல வருஷம் சொல்லிக் குடுத்தாங்க. 1892-ல ராக்ஃபெல்லர் பணத்துல ஆரம்பிச்ச துறை. 2015-ல ஆல்டன் மோரிஸ்ங்கற சமூகவியலாளர் ஒரு புத்தகமே எழுதி, அறிவியல் முறையில ஒரு சமூகவியல் மரபை முதல்ல உருவாக்கினது அட்லாண்டாதான்னு வாதம் வச்சார். அதுக்கப்புறம் இந்தப் பேச்சு மாற ஆரம்பிச்சிருக்கு.

அந்த பாரிஸ் சார்ட்டுகள் இப்போ அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தோட இணையதளத்துல இலவசமா இருக்கு. டேட்டா வேலையில இருக்கறவங்க ஒரு ஞாயித்துக்கிழமை ஒதுக்கி, ஏதாவது ஒரு சார்ட்டை உங்களுக்குப் பிடிச்ச டூல்ல திரும்ப வரைஞ்சு பாருங்க. முதல்ல அந்தச் சிவப்புச் சுருளை எடுத்துக்கோங்க. வரைஞ்சு முடிச்சதும் கலரையும் ஃபான்ட்டையும் விடுங்க, அந்த 7,34,952-ங்கற நம்பருக்குள்ள எத்தனை வீடு இருக்கும்னு யோசிங்க. வரைஞ்சவங்கள்ல சில பேரோட வீடும் அதுக்குள்ள இருந்திருக்கும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.